கறுவாவும் காவியுடையும்: கண்டிக்கும் சியாமுக்கும் இடையிலான உறவை யார் கட்டினார்கள்?

பிலிமத்தலாவையிலிருந்து ஒரு கேள்வி

கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து பிலிமத்தலாவைக்குள் நுழைபவர், இரு மருங்கிலும் பித்தளை விளக்குகளும் தட்டங்களும் அடுக்கிய கடைகளைக் காண்பார். அங்கிருந்து தெற்கே பிரியும் சிறு வீதி கடலாதெனிய விகாரைக்கு ஏறுகிறது. கம்பளையில் நான்காம் புவனேகபாகு ஆண்ட காலத்தில், 1344ஆம் ஆண்டில், தர்மகீர்த்தி தேரர் அதைக் கட்டுவித்தார். கட்டிய சிற்பிகளின் தலைவர் பெயர் கணேஸ்வராச்சாரி. பௌத்தப் படிமம் உள்ளே இருக்க, தூண்களும் கபோதமும் அதிட்டானமும் தென்னிந்தியக் கற்றளியின் இலக்கணத்தில் அமைந்த கட்டடம் அது. பக்கத்திலேயே விஷ்ணு தேவாலயம். கட்டுவித்த தேரர், ஆந்திர நாட்டின் தானியகடகத்தில், அதாவது இன்றைய அமராவதியில், திருப்பணி செய்தவர் என்பதைப் பாறையில் வெட்டிய கல்வெட்டே சொல்கிறது.

அதே 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியோடு சிவனொளிபாத மலைக்குச் சென்றார். அந்த நூற்றாண்டில்தான் சுகோதை அரச குடும்பத்தைச் சேர்ந்த சிறி சத்தா என்ற பிக்கு சியாமிலிருந்து இலங்கைக்கு வந்து திரும்பினார் என்பதைத் தாய்லாந்துக் கல்வெட்டு ஒன்று பதிவு செய்கிறது. சியாம் அன்று இலங்கையின் துறவு மரபைத் தேடிப் பெற்றுக்கொண்டது. மலைநாட்டின் நடுவில் ஒதுங்கிக் கிடந்ததாக நாம் நினைக்கும் இப்பகுதி, அக்காலத்தில் கடல்வழிகளோடு இயல்பாகப் பொருந்தியிருந்தது. சிற்பி வந்தார், துறவி போனார், பயணி ஏறினார். இடையில் யாருடைய அனுமதிச் சீட்டும் தேவைப்படவில்லை.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, 1753இல், திசை மாறியது. இலங்கையில் அற்றுப்போன உபசம்பதா (முழுத் துறவேற்பு) மரபைச் சியாமியப் பிக்குகள் கண்டிக்குக் கொண்டுவந்து மீட்டனர். இலங்கையின் மிகப் பெரிய பிக்குப் பிரிவு இன்றும் சியாம் நிக்காய என்றே அழைக்கப்படுகிறது. கண்டியும் சியாமின் தலைநகர் அயுத்தியாவும் என்ற தொலைதூர அரசுகள் இரண்டின் நட்பாகவே இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. அந்த நினைவு போதுமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. துறைமுகம் ஒன்றுகூட இல்லாத ஓர் அரசு வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இருந்த அரசொன்றோடு எவ்வாறு உறவு கொண்டது? அந்த உறவுக்கு யார் விலை கொடுத்தார்கள்? பலன் யாருக்குப் போனது?

வழங்கிவரும் விளக்கங்கள்

விகாரை மரபும் பாடநூல்களும் சொல்லும் வரலாற்றில் மூவர் நிற்கின்றனர்: உபசம்பதா இல்லாது தவித்த வெலிவிட்ட சரணங்கர தேரர், அவருக்குத் துணைநின்ற மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கன், சியாமிலிருந்து வந்த உபாலி மகாதேரர். இது பொய்யில்லை. ஆனால் மூவரைச் சுற்றி இருந்த உலகம் இதில் இல்லை.

ஆய்வாளர்கள் வேறு கோணங்களில் அணுகினர். லோர்னா தேவராஜா கண்டி இராச்சியத்தின் ஆட்சியமைப்பை ஆராய்ந்து, நாயக்க மன்னர் தம் அரியணையை நிலைநிறுத்த மதப் புரவலர் பணியை எவ்வளவு கவனமாக மேற்கொண்டனர் என்று காட்டினார். கித்சிறி மலல்கொட 1976இல் வெளியிட்ட நூலில், சியாமிய உபசம்பதா சங்கத்தை மையப்படுத்தியதையும், அம்மையப்படுத்தலே பிற்காலப் பிளவுகளுக்கு வித்திட்டதையும் சமூகவியல் நோக்கில் விளக்கினார். கே. என். ஓ. தர்மதாச நாயக்க வம்சத்துக்கு எதிராகச் சிங்கள–பௌத்த அடையாள உணர்வு அக்காலத்திலேயே இயங்கியது என வாதிட்டார். லெஸ்லி குணவர்த்தன அவ்வாதத்தோடு மோதினார். ஜோன் ஹோல்ட் 1996இல், கீர்த்தி சிறியின் விகாரை ஓவியங்களை ஆதாரமாகக் கொண்டு, அம்மன்னன் பௌத்த அரசனுக்குரிய இலட்சணங்களைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட விதத்தைப் படித்தார். ஆன் பிளாக்பர்ன் 2001இல் வெளியான ஆய்வில் ‘மறுமலர்ச்சி’ என்ற பழகிய பார்வையையே கேள்விக்குட்படுத்தினார். பழையது மீண்டதாக அவர் கருதவில்லை. பாடத்திட்டம், ஏடு, கல்விமுறை ஆகியவற்றால் புதியதொரு துறவு நிறுவனம் உருவாக்கப்பட்டது என்பது அவர் முடிவு.

இந்த ஆய்வுகளிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவற்றின் பார்வை கண்டிக்குள்ளேயே நிற்கிறது. கடல் ஓரத்தில்தான் இருக்கிறது. தமிழில் எழுதுவோரிடம் குறை வேறு வகையானது. கண்டியின் கடைசி நான்கு மன்னர் தென்னிந்திய நாயக்க வழியினர் என்பதைப் பெருமிதத்தோடு குறிப்பிட்டுவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஆராயாமல் கடந்து போகிறோம். தெலுங்கைத் தாய்மொழியாகவும் தமிழைப் புழங்குமொழியாகவும் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஒருவன், சைவச் சூழலில் வளர்ந்தவன், தேரவாத பௌத்தத்தின் மிகப் பெரிய துறவு நிறுவனத்தைத் தோற்றுவித்தான். இதைவிட ஆராயத்தக்க செய்தி நம் வரலாற்றில் குறைவு.

கப்பல் இல்லாத அரசு

1658இல் போர்த்துக்கேயரை வெளியேற்றிய ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனி, அடுத்த பத்தாண்டுகளில் கிழக்குக் கரையின் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கைப்பற்றியது. கண்டிக்கு மலையும் காடும் எஞ்சின. மலைநாட்டின் பாக்கு இறங்கவும், எதிர்க்கரையின் துணியும் கரையோர உப்பும் ஏறவும் பழைய வழிகள் இருந்தன. காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்களும் செட்டிகளும் புத்தளம், கொட்டியாரம் வழியாக அந்த வணிகத்தை நடத்தினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பனி இத்துறைகளை இறுக்கியது. கண்டி அரண்மனையின் நாயக்க உறவினர் மதுரைக் கரையோடு வைத்திருந்த தொடர்பை ஒல்லாந்த ஆளுநர்கள் ஓயாது சந்தேகித்தனர். சந்தேகத்தின் வேர் வணிகத்தில் இருந்தது.

ஆனால் கம்பனிக்கும் ஒரு பலவீனம். ஐரோப்பாவில் பெரும் இலாபம் ஈட்டிய கறுவாவின் ஒரு முக்கிய பங்கு கண்டி மன்னனின் நிலத்துக் காடுகளில் தானாக வளர்ந்தது. அதை உரிக்க மன்னனின் இசைவு வேண்டும். ஆண்டுதோறும் கொழும்பிலிருந்து ஒரு தூதுக்குழு பரிசுகளோடு கண்டிக்கு ஏறி, மண்டியிட்டு, கறுவா உரிக்க அனுமதி கேட்கும். கண்டி அரசவை ஒல்லாந்தரைத் தன் கரையோரக் காவலர் என்றே நடத்தியது. கம்பனி அந்தப் பாவனையைச் சகித்துக்கொண்டது. கறுவா அதற்கு ஈடாக இருந்தது.

இந்தப் பரஸ்பரத் தேவையை விளங்கிக்கொள்ளாமல் சியாமியத் தூதை விளங்கிக்கொள்ள முடியாது. மன்னனிடம் காடு இருந்தது, கப்பல் இல்லை. கம்பனியிடம் கப்பல் இருந்தது, காடு இல்லை. கம்பனிக்கு அயுத்தியாவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வணிக நிலையமும் இருந்தது. வெள்ளீயம், சாயம் தரும் பதிமுகக் கட்டை, மான்தோல் ஆகியவற்றை அங்கு வாங்கியது. திருகோணமலை, மலாக்கா, பத்தாவியா, அயுத்தியா ஆகிய இடங்களை ஒரே நூலில் கோத்தது கம்பனியின் கப்பல்வழி. கண்டியின் பிரபுக்கள் அந்த நூலில் ஏறியே சியாமை அடைந்தனர்.

இதிலொரு முரண் உண்டு. தன் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்தில் சீர்திருத்தத் திருச்சபையை மட்டும் அங்கீகரித்து, பௌத்த, சைவ வழிபாடுகளுக்கு எதிராகக் கட்டளைகள் பிறப்பித்தது இதே கம்பனி. யாழ்ப்பாணத்தில் சைவ வழிபாட்டுக்கு எதிராகக் கட்டளையிட்டவர்கள், கண்டிக்குப் பிக்குகளை ஏற்றி இறக்கினர். மதச் சகிப்புத்தன்மையால் இது நடந்தது என்று எழுதுவது தவறு. கறுவா தடையின்றிக் கிடைக்க அவர்கள் கொடுத்த கூலி அது.

மூன்று தூதுகள்

உபசம்பதா வழங்கும் சடங்குக்கு, இலங்கை போன்ற எல்லைப்புற நாட்டில் குறைந்தது ஐந்து உபசம்பன்னப் பிக்குகளாவது வேண்டும் என்பது விநய விதி. கண்டி அரசின் தொடக்கக் காலத்திலேயே இந்த எண்ணிக்கை கிடைக்காமல் போனது. 1590களில் முதலாம் விமலதர்மசூரியனும் 1697இல் இரண்டாம் விமலதர்மசூரியனும் அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்தனர். இரண்டாவது முறை 33 பிக்குகள் வந்து, பேராதனைக்கும் கண்டிக்கும் இடையே மகாவலிக் கரையில் உள்ள கெட்டம்பேயில் உபசம்பதா நடத்தினர். இரண்டு முயற்சிகளும் நிலைக்கவில்லை. விகாரைக் காணிகளைக் குடும்ப உரிமையாக அனுபவித்த கணின்னான்சே எனப்பட்டோர் மட்டும் எஞ்சினர்.

1698இல் தும்பனைப் பகுதியின் வெலிவிட்டவில் பிறந்த சரணங்கர இந்நிலையை ஏற்க மறுத்தவர். சில்வத் சமாகம என்ற ஒழுக்கக் குழுவைத் திரட்டினார், பாளி கற்பித்தார், அரசவையை இடைவிடாது வற்புறுத்தினார். 1739இல் நரேந்திரசிங்கன் இறக்க, அவரது மதுரை அரசியின் சகோதரர் சிறி விஜய இராஜசிங்கன் என்ற பெயரில் முதல் நாயக்க மன்னரானார். நரேந்திரசிங்கனுக்குச் சிங்களப் பிரபுகுலப் பெண்ணிடம் பிறந்த உனம்புவே என்ற மகன் இருந்தும் அரியணை அவருக்குக் கிடைக்கவில்லை. புதிய மன்னரின் உரிமை கேள்விக்குரியதாக இருந்த அந்த ஆண்டுகளிலேயே தூதுகள் தொடங்கின.

1741இல் புறப்பட்ட முதல் தூது பர்மாவின் பெகுக் கரையருகே கப்பல் உடைந்து அழிந்தது. 1747இன் இரண்டாவது தூது அயுத்தியாவை அடைந்தது. ஆனால் அனுப்பிய மன்னர் இறந்துவிட்ட செய்தி பின்தொடர்ந்து வர, பிக்குகள் இல்லாமல் திரும்பியது. அவருக்குப் பின் அரியணை ஏறிய கீர்த்தி சிறி இராஜசிங்கன் 1750 ஓகஸ்ட்டில் மூன்றாவது தூதைத் திருகோணமலையிலிருந்து ஒல்லாந்தர் கப்பலில் அனுப்பினான். சுமாத்திராவின் அச்சேயைக் கடந்து, மலாக்காவில் பருவக்காற்றுக்காகக் காத்திருந்து, 1751இல் அவர்கள் அயுத்தியாவை அடைந்தனர். அங்கு ஆண்ட மன்னர் பொரோமகோட் தூதரை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார்.

தூதில் சென்று மீண்ட வில்பாகெதர முதியான்சே சிங்களத்தில் எழுதிவைத்த பயணக் குறிப்பு, பி. ஈ. பீரிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 1903இல் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டு ஆசியாவைப் பற்றி ஆசியர் ஒருவர் எழுதிய மிக அரிய ஆவணம் அது. மலைநாட்டுப் பிரபு ஒருவர் கடலைக் காண்பதும், அந்நிய நகரின் விகாரைகளை வியப்பதும், உடன் வந்தோர் ஒவ்வொருவராக நோயில் மடிவதும் அதில் உள்ளன. திரும்பும் வழியும் எளிதாக இல்லை. பிக்குகளை ஏற்றிய சியாமியக் கப்பல் லிகோர்க் கரையருகே, இன்றைய நக்கோன் சி தம்மராட்டில், பழுதாகி நின்றது. மீண்டும் அயுத்தியா, பிறகு ஒல்லாந்தர் கப்பலில் பத்தாவியா, அங்கிருந்து திருகோணமலை. 1753 மே மாதம் உபாலி தேரர் இலங்கை மண்ணை மிதித்தபோது, கண்டியிலிருந்து புறப்பட்ட தூதர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை.

கண்டிப் பிரபுக்களுக்கும் சியாமியருக்கும் பொதுவான பேச்சுமொழி கிடையாது. இரு அரசவைகளும் பாளியில் எழுதிக்கொண்டன; இரு சங்கங்களும் பாளியில் உரையாடின. சில நூற்றாண்டுகளுக்கு முன் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே காலியில் நிறுவிய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றில் பொறிக்கப்பட்டது. கடல் வணிகத்தின் மொழிகள் அவை. கண்டியும் அயுத்தியாவும் தொடர்பு கொண்ட மொழி சந்தையில் ஒலித்ததன்று, மடத்தில் ஒலித்தது. இந்த வேறுபாடே அந்த உறவின் தன்மையைக் காட்டுகிறது. இரு அரசுகளுக்கும் இடையே நேரடி வணிகம் என்று சொல்லத்தக்க எதுவும் பின்னர் வளரவில்லை.

வந்திறங்கியவை

1753 ஆடிப் பௌர்ணமியில் கண்டியின் மல்வத்தை விகாரையில் உபசம்பதா நடந்தது. உபாலி தேரர் 1756இல் அங்கேயே இறந்தார். அந்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 700 பேருக்கு உபசம்பதாவும் 3,000 பேருக்குச் சாமணேர தீட்சையும் வழங்கப்பட்டதாக மரபு கூறுகிறது. சரணங்கர சங்கராஜா ஆனார். இலங்கையில் கிடைக்காத பாளி ஏடுகளும் புத்தர் சிலைகளும் சியாமிய மன்னரின் கொடையாக வந்தன. 1750களின் நடுப்பகுதியில் இரண்டாவது பிக்குக் குழுவும் வந்தது.

இன்றைய கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தின் அமைப்பும் இந்த வருகையோடு பிணைந்தது. அதுவரை ஊர்வலம் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களுக்கு உரியது. தெய்வங்களுக்கு மட்டும் விழா எடுப்பதைக் கண்டு சியாமியப் பிக்குகள் முகஞ்சுளிக்கவே, புத்தரின் தந்ததாதுவுக்குரிய தலதா பெரஹராவை முன்னே செல்லுமாறு கீர்த்தி சிறி ஆணையிட்டான் என்பது வழிவழிச் செய்தி. இதைக் கவனிக்க வேண்டும். கண்ணகியும் முருகனும் ஊர்வலத்திலிருந்து நீக்கப்படவில்லை. தந்ததாதுவுக்குப் பின்னால் வரிசைப்படுத்தப்பட்டனர். கடலாதெனியவில் கணேஸ்வராச்சாரியின் கற்றளிக்குள் புத்தரும் பக்கத்தில் விஷ்ணுவும் அமர்ந்த அதே முறையை, நாயக்க மன்னன் தெருவில் நிகழ்த்திக் காட்டினான். சியாம் கோரிய தூய்மையைத் தீவின் பழக்கம் தன் வழியில் உள்வாங்கியது.

தம்புள்ளை, தெகல்தொருவ, கங்காராம, மெதவெல எனப் பல விகாரைகள் இம்மன்னன் காலத்தில் புதுப்பிக்கப்பட்டன அல்லது எழுப்பப்பட்டன. வரலாற்று ஏடான சூளவம்சத்தைத் தன் காலம் வரை நீட்டி எழுதுமாறு திப்பட்டுவாவே புத்தரக்கித தேரரைப் பணித்தவனும் அவனே.

1760

அதே திப்பட்டுவாவேயும் சங்கராஜா சரணங்கரவும் மன்னனைக் கொல்லும் சதியில் இருந்தனர். இரண்டாம் அதிகார் (அமைச்சர்) சமனக்கொடியும் சில பிரபுக்களும் உடன் நின்றனர். மல்வத்தையில் ‘பண’ எனப்படும் பௌத்த உபதேசம் ஓதும் நிகழ்வுக்கு மன்னனை அழைத்து, கூர்முனைகள் நட்ட குழியின்மேல் ஆசனமிட்டு அமர்த்துவது திட்டம். முஸ்லிம் அலுவலரான கோபால முதலி இதை அறிந்து அறிவித்தார். மன்னன் மல்வத்தைக்குச் சென்றான், ஆசனத்தில் அமரவில்லை. சமனக்கொடிக்கு மரண தண்டனை கிடைத்தது. பிக்குகள் சிறைவைக்கப்பட்டுப் பின்னர் மன்னிக்கப்பட்டனர்.

மன்னனுக்குப் பதிலாக அரியணையில் அமர்த்த அவர்கள் தேர்ந்தவர் ஒரு சியாமியர். பொரோமகோட்டின் மகன் தெப்பிபித் இளவரசர், அயுத்தியாவில் புதிய மன்னர் எக்கதாட்டுக்கு எதிரான சூழ்ச்சியில் தோற்று, இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டவர். உபசம்பதாவைக் கொண்டுவந்த அதே வழியில் அவரும் வந்திருந்தார். சதி வெளிப்பட்டதும் இளவரசரும் சியாமியப் பிக்குகளும் வெளியேற்றப்பட்டனர். தெப்பிபித் அலைந்து திரிந்து நாடு மீண்டு, அயுத்தியாவின் வீழ்ச்சிக் காலத்தில் பிமாயில் தனியாட்சி நிறுவ முயன்று, 1768இல் சியாமின் புதிய மன்னர் தாக்சினால் கொல்லப்பட்டார்.

இச்சதியை எப்படிப் படிப்பது? மன்னன் நெற்றியில் திருநீறு அணிந்ததைப் பிக்குகள் பொறுக்கவில்லை என்கிறது சாசனாவதீர்ண வர்ணனாவ என்ற சிங்கள நூல். தர்மதாச இதை இன அடையாளத்தின் சான்றாகக் கொள்கிறார். அந்நியத் தமிழனை அகற்றிச் சிங்கள அரசை மீட்கும் எண்ணம் என்பது அந்த வாசிப்பு. அதை ஏற்பதில் ஒரு தடை இருக்கிறது. சதிகாரர் உனம்புவே பரம்பரையையோ வேறு சிங்களப் பிரபுவையோ நாடவில்லை. மதுரையை விடப் பல மடங்கு தொலைவிலிருந்து வந்த, சிங்களம் அறியாத ஒருவரை நாடினர். அந்நியன் என்பது அவர்களுடைய குறையாக இருந்திருந்தால் இத்தேர்வு விளங்காது.

மதக் காரணம் இதைவிட வலுவானது: தெப்பிபித் பிறப்பால் பௌத்தர். ஆனால் அதுவும் முழு விடை ஆகாது. பிரபுக்களுக்குத் தம்முள் ஒருவன் மன்னனாவதைவிட, ஊரில் உறவும் குலமும் இல்லாத ஒருவன் மன்னனாவது வசதியாக இருந்தது. இதை 38 ஆண்டுகள் கழித்து இன்னொருவர் மெய்ப்பித்தார். பிலிமத்தலாவை என்ற ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட மகா அதிகார், 1798இல் இராஜாதி இராஜசிங்கன் இறந்தபோது, கண்ணுசாமி என்ற நாயக்க இளைஞனைத் தேர்ந்து சிறி விக்கிரம இராஜசிங்கன் என முடிசூட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளிலேயே, ஒல்லாந்தருக்குப் பின் கரையோரத்தை ஆண்ட ஆங்கில ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தோடு இரகசியமாகப் பேசி, அதே மன்னனை நீக்கித் தன்னை அதிகாரத்தில் அமர்த்த உதவி கேட்டார். பின்னர் அம்மன்னனின் ஆணையால் தலை இழந்தார். 1760இல் சியாமியர், 1798இல் நாயக்கர். இரண்டிலும் இயங்கியது பிரபுக்களின் கை ஒன்றே. இந்தக் கையை விட்டுவிட்டு இனத்தையோ மதத்தையோ மட்டும் பேசுவது வரலாற்றைச் சுருக்குவதாகும்.

கீர்த்தி சிறியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் உரிமையை உறுதிப்படுத்த அவன் திறந்த வழியிலேயே அவனுக்குப் போட்டியாளன் வந்தான். அவன் புரந்த விகாரையிலேயே அவனுக்குக் குழி வெட்டப்பட்டது. அதன் பின்னும் அவன் சியாம் நிக்காயவைக் கலைக்கவில்லை. சரணங்கரவின் மதிப்பைப் பறிக்கவில்லை. 1778இல் சரணங்கர இறக்கும் வரை சங்கராஜாப் பதவி அவரோடு இருந்தது. பின்னர் எவருக்கும் வழங்கப்படவில்லை. மதம் அவனுக்கு வெறும் அரசியல் கருவி என்று எழுதுவோர் இந்த நடத்தைக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

உரித்தவர்கள்

இந்த வரலாற்றில் எங்கும் பெயர் குறிக்கப்படாதவர்கள் கறுவா உரித்த சலாகம மக்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் வழியினர் என்பது அவர்களைப் பற்றி வழங்கும் மரபு. கம்பனி ஆட்சியில் கறுவா உரித்தல் அவர்களுக்குக் கட்டாய ஊழியம். 12 வயதுச் சிறுவர் முதல் பெயர் பதியப்பட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று அளவு விதிக்கப்பட்டது. அனுமதியின்றிக் கறுவாவை விற்போருக்கு மரண தண்டனை வரை சட்டம் இருந்தது. பலர் கண்டி எல்லைக்குள் தப்பி ஓடினர். 1760இல் கரையோரத்தில் வெடித்த கிளர்ச்சியிலும் இவர்களின் ஆற்றாமை கலந்திருந்தது.

கண்டியின் காடுகளில் இவர்கள் உரித்த பட்டையே மன்னனுக்குப் பேரம் பேசும் வலிமையைத் தந்தது. அந்தப் பேரமே திருகோணமலையில் கப்பலை நிறுத்தியது. ஆனால் 1764ஆம் ஆண்டளவில் சியாம் நிக்காயவில் உயர்குலமாகக் கருதப்பட்ட கொவிகம குலத்தார் மட்டுமே உபசம்பதா பெறலாம் என்ற கட்டுப்பாடு அரச ஆதரவோடு நிலைபெற்றது. மல்வத்தையிலும் அஸ்கிரியவிலும் மட்டுமே சடங்கு நடக்கும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. பிறப்பைப் பாராத துறவு மரபைக் கடல் கடந்து மீட்டவர்கள், அதன் வாசலில் பிறப்பைக் கேட்டனர். சியாமியர் இந்த வழக்கத்தைக் கொண்டுவரவில்லை. அது கண்டியில் சேர்க்கப்பட்டது.

சலாகமத்தார் அதற்குச் செயலில் பதில் சொன்னார்கள். வெலித்தறையைச் சேர்ந்த அம்பகஹபிட்டிய ஞானவிமல தேரர் 1799இல் பர்மாவுக்குப் புறப்பட்டார். செலவை ஏற்றவர்கள் கறுவாத் துறையில் செல்வம் சேர்த்த அவருடைய குலத்தினர். அமரபுரத்தில் உபசம்பதா பெற்று 1803இல் திரும்பி, பலப்பிட்டியில் மாது கங்கையின் மேல் சடங்கு நடத்தினார். அமரபுர நிக்காய பிறந்தது. கண்டி மன்னனின் முத்திரையோ மல்வத்தையின் இசைவோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1753இன் தூதை அரசு நடத்தியது. 1803இன் தூதைச் சாதிக் கொடுமைக்கு உள்ளான ஒரு சமூகம் தானே நடத்தியது. தூதரக வரலாறு எழுதுவோர் முன்னதை மட்டும் எழுதுகிறார்கள். என் பார்வையில் பின்னது குறைந்த பெருமையுடையதன்று.

நூல் அறுந்த பின்

1761இல் கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் போர் மூண்டது. 1762இல் மதராஸிலிருந்து ஆங்கிலேயரின் தூதராக ஜோன் பைபஸ் வந்தும் கண்டிக்கு உதவி கிடைக்கவில்லை. 1765இல் ஆளுநர் வான் எக் தலைநகரைச் சில காலம் பிடித்தார். 1766 பெப்ரவரி உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதன் இறைமையும் கம்பனிக்குப் போனது. மூன்று ஆண்டுகளில் ஆளுநர் பல்க் கொழும்பு மருதானையில் கறுவாத் தோட்டம் தொடங்கினார். காட்டுக் கறுவாவின் தேவை குறையக் குறைய, மன்னனின் ஒரே துருப்புச் சீட்டும் வலுவிழந்தது. அதே நேரத்தில் மறுகரையிலும் வாசல் மூடியது: கம்பனி 1765இல் அயுத்தியா நிலையத்தைக் கைவிட்டது, 1767 ஏப்ரலில் பர்மியப் படை நகரை எரித்தது. கண்டிக்கு வந்து சேர்ந்த துறவு மரபு, அதன் தாய்நகர் அழிந்த பின்னும் வாழ்ந்தது.

பேங்கொக்கில் புதிய அரசு நிலைபெற்றதும் இரண்டாம் ராமா 1814இல் இலங்கைக்குப் பிக்குகளை அனுப்பினார். அவர்கள் போதிக் கன்றுகளோடு 1818இல் திரும்பினர். அதற்குள் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1815 உடன்படிக்கையில் கண்டிப் பிரபுக்கள் சிலர் தமிழ் எழுத்துக் கலந்து ஒப்பமிட்டது பலரும் அறிந்தது. 1897 ஏப்ரலில் ஐரோப்பா செல்லும் வழியில் கண்டிக்கு வந்த சியாம் மன்னர் சூலாலங்கோர்ன், தந்ததாதுவைக் கையில் ஏந்த விரும்பினார், மறுக்கப்பட்டது, மனக்கசப்போடு திரும்பினார். சியாம் தந்த மரபில் துறவேற்றவர்களின் காவலில் இருந்த தாதுவைச் சியாம் மன்னர் தொட இயலவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த கண்டிக்கும் சுதந்திர நாடான சியாமுக்கும் இடையே அன்று சமநிலை எவ்வளவு குலைந்திருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1955இல் இலங்கையும் தாய்லாந்தும் முறையான தூதரக உறவை ஏற்படுத்தின. 2024 பெப்ரவரி 3ஆம் திகதி கொழும்பில், தாய்லாந்துப் பிரதமர் சிரேத்தா தவிசினின் வருகையின்போது, சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இல்லாதிருந்த நேரடி வணிகத்துக்கு அதன் மூலம் சட்ட வடிவம் கிடைத்திருக்கிறது. அயுத்தியாவில் உபாலி தேரர் புறப்பட்ட வத் தம்மாராம் விகாரையில் அவர் நினைவாக ஒரு காட்சியகம் உள்ளது. மல்வத்தையிலும் அவர் நினைவு பேணப்படுகிறது.

2053இல் உபசம்பதா மீட்பின் 300ஆவது ஆண்டு வரும். இரு நாட்டு அரசுகளும் விழா எடுக்கும், எடுக்கட்டும். அதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலை நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளிடம் இருக்கிறது. வில்பாகெதரவின் பயணக் குறிப்பும், கறுவா ஊழியத்தையும் கண்டித் தூதுகளையும் பதிவு செய்த ஒல்லாந்த ஆவணங்களும் தமிழ் மாணவர் படிக்கும் வடிவில் வெளிவர வேண்டும். பேராதனையிலிருந்து கெட்டம்பேயும் கடலாதெனியவும் எட்டும் தூரத்தில் உள்ளன. ஒல்லாந்த மொழி கற்ற ஒரு தமிழ் ஆய்வாளரையேனும் அப்பல்கலைக்கழகம் இந்தத் தலைமுறையில் உருவாக்கட்டும்.